எதிர்வீட்டு ஃபிரிட்ஜ்

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே நான், என் வீட்டுக்காரி, உன் மருமகள்கள் இருவர் எல்லோரும் சுகம். உன் முழங்கால் சுகமா என்று முதலில் சொல். மற்றதெல்லாம் அப்புறம்.

கேஸ் விலை மறுபடியும் ஏறியது உனக்குத் தெரிந்திருக்கும். என் வீட்டுக்காரி காலையில் எழுந்ததும் சிலிண்டரை ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் பல் தேய்க்கப் போகிறாள். நான் பெட்ரோல் போடும்போது ஓடுகிற எண்களைப் பார்ப்பதில்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கப் பழகிவிட்டேன். மற்றபடி டாக்சி ஓட்டம் பரவாயில்லை. அதைப் பற்றி நீ கவலைப்படாதே.

நீ தனி ஆளாக ஒரு வீடு, ஒரு மீட்டர், ஒரு சிலிண்டர் என்று எதற்காக அல்லாடுகிறாய்? இங்கே பின்னறை சும்மாதான் கிடக்கிறது. ஜன்னல் பக்கம் தையல் மெஷினைப் போட்டுக்கொள்ளலாம். தையல் தெரிந்த ஆள் எந்த ஊரில்தான் பிழைக்க முடியாது? வந்துவிடு அக்கா.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
தம்பி

பிப்ரவரி 19

என் அருமைத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நான், தையல் மெஷின், இரண்டு முழங்கால்கள் நால்வரும் நலம். இடது முழங்கால் மட்டும் கொஞ்சம் முணுமுணுக்கிறது. நீங்கள் நால்வரும் நலமாக இருக்க வேண்டும்.

போனில் சொல்ல வேண்டியதைக் கடிதத்தில் எழுதுகிறோமே என்று உன் வீட்டுக்காரி சிரிப்பாள். போனில் பேசினால் நமக்குள் சண்டை வருகிறது. கடிதமென்றால் தபால்பெட்டிக்கு நடப்பதற்குள் கோபம் ஆறிவிடும். அதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

நான் அங்கே வருவதாக இல்லை. இந்த வீட்டில் எந்தக் கதவு மழைக்கு உப்பும், எந்தக் குழாய் விடிகாலையில் இருமும் என்று எனக்கு அத்துப்படி. செலவுக்கும் ஒரு வழி கண்டுபிடித்தாயிற்று. எதிர்வீட்டுக்காரரைப் பற்றி எப்போதாவது எழுதியிருக்கிறேனா? மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிறவர். மனைவி இறந்து பல வருஷமாகிறது. இதுநாள்வரை படிக்கட்டில் பார்த்தால் தலையாட்டுவதோடு சரி. போன வாரம் கரண்ட் பில் வந்த அன்று இருவரும் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு அவரவர் வாசலில் நின்றோம். அவர்தான் ஆரம்பித்தார்.

"உங்க ஃபிரிட்ஜ்ல என்ன இருக்கு?"

"அரை லிட்டர் பாலும் ரெண்டு தக்காளியும்."

"என்னுதுல மூணு முட்டை. இதுக்காக ரெண்டு மெஷின் ராத்திரி பகலா ஓடணுமா?"

யோசித்துப் பார்த்தால் நியாயமாகத்தான் பட்டது. இப்போது என் ஃபிரிட்ஜை அணைத்துவிட்டேன். என் பாலும் தக்காளியும் அவர் வீட்டில். அவர் அடுப்பை மூடிவிட்டார். சமையல் என் வீட்டில், இரண்டு பேருக்கும் ஒரே பானையில். சிலிண்டர் ஒருமுறை நான், ஒருமுறை அவர். வெறும் சிக்கனம், அவ்வளவுதான். அக்கம்பக்கத்தார் வாய் சும்மா இருக்குமா என்று நீ கேட்பாய். வெறும் சிக்கனம் என்று அவர்களுக்கும் சொல்லிவிட்டேன்.

பிள்ளைகளுக்கு முத்தம்.

அக்கா

மார்ச் 10

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். முணுமுணுக்கும் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்கிறாள் என் வீட்டுக்காரி. வெந்நீருக்கும் கேஸ் செலவாகுமே என்று நீ சொல்வாய் என்று அதற்கும் தயாராக இருக்கிறாள்.

'வெறும் சிக்கனம்' என்று திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறாயே, நான் கேட்கவே இல்லையே அக்கா. தலைவலி இல்லாதவன் மாத்திரையைத் தேட மாட்டான் என்று என் வீட்டுக்காரி ஒரே சிரிப்பு. கண்ணாடிக்காரருக்கு என்ன வயது? சத்தம் போட்டுப் பேசுகிற ஆளா? சாப்பிட்ட தட்டைக் கழுவுகிறாரா? தம்பி என்ற முறையில் கேட்கிறேன், வேறொன்றுமில்லை.

பின்னறைக்கு வெள்ளையடித்துவிட்டேன். கொடியில் துணி போடக்கூட அங்கே யாரையும் விடுவதில்லை. யோசித்துப் பார்.

நான் இப்போதெல்லாம் நிறைய நடக்கிறேன். உடம்புக்கு நல்லது.

தம்பி

ஏப்ரல் 2

தம்பிக்கு,

நலம். உன் கேள்விகளுக்குப் பதில்: வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். சத்தமே இல்லாத ஆள். தட்டைக் கழுவுகிறார், என் தட்டையும் சேர்த்து. போதுமா? உனக்கு மூக்கில் வியர்த்துவிடுமே.

இங்கே ஒரு கூத்து நடந்தது, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். பள்ளிக்கூடச் சீருடை ஆர்டர் ஒன்று கிடைத்தது. தைத்து முடித்ததை எங்கே வைப்பது? வீடு முழுக்கத் துணி. அணைத்துப் போட்ட ஃபிரிட்ஜ் சும்மாதானே நிற்கிறது, பூச்சியும் தூசியும் போகாத பெட்டியாயிற்றே என்று அதற்குள் மடித்து அடுக்கினேன். மேல் தட்டில் சட்டை, கீழ்த் தட்டில் பாவாடை, காய்கறிப் பெட்டியில் டை. பார்க்க அவ்வளவு அழகு.

நேற்றுக் காலை நான் நூல் வாங்கப் போயிருந்தேன். இவர் பால் வாங்கிக்கொண்டு வந்து, கதவைத் திறந்து, பழக்கதோஷத்தில் பாக்கெட்டுகளை என் ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். கண்ணாடி விற்கிற மனிதர், எதிரே அடுக்கியிருப்பது சட்டை என்று தெரியவில்லை. மத்தியானத்துக்குள் பால் திரிந்து, பாக்கெட் உப்பி, சீருடையெல்லாம் நாசம். சாயங்காலம் வந்தவரைப் பிடித்து நான் கத்திய கத்தில் குழாய்கூட இருமவில்லை. அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு துவைக்க உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் நானும் உட்கார்ந்தேன். மொட்டைமாடி முழுக்கச் சின்னச் சின்னச் சட்டையாகக் காயப்போட்டுவிட்டு நிமிர்ந்தால், ஒரு பள்ளிக்கூடமே எங்களைப் பார்த்துக் கை வீசுவதுபோல் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது நேற்றுதான்.

ஒரு சட்டை மட்டும் இன்னும் லேசாகத் தயிர் வாசம் அடிக்கிறது. யார் தலையில் விழப்போகிறதோ.

அக்கா

ஏப்ரல் 14

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம், சுகமறிய ஆவல். ஒரே ஒரு கேள்வி. நீ நூல் வாங்கப் போயிருந்தபோது கதவைத் திறந்தார் என்றாயே. உன் வீட்டுச் சாவி அவரிடம் எப்படி வந்தது?

சாவகாசமாக எழுது. அவசரமில்லை.

தம்பி

மே 20

தம்பிக்கு,

தாமதத்துக்குக் கோபிக்காதே, வேலை தலைக்கு மேல். நலமாக இருக்கிறேன். இங்கே புழுக்கம் தாங்கவில்லை. ஒரே விசிறி ஓடினால் போதும் என்று சாயங்கால வேலையை எதிர்வீட்டு மேஜைக்கு மாற்றிக்கொண்டேன். இஸ்திரியும் அங்கேதான். கரண்ட் பில்லைக் கூட்டிப் பாதி பாதி. மேஜையின் ஒரு முனையில் நான் பித்தான் தைக்கிறேன், மறுமுனையில் அவர் லென்ஸ் துடைக்கிறார். ஊசியில் நூல் கோக்க நான் கண்ணைச் சுருக்குவதை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்தாரோ, ஒரு நாள் ஒரு கண்ணாடியை என் பக்கம் நகர்த்தி வைத்தார். போட்டுப் பார்த்தேன். இத்தனை காலமாக நான் எவ்வளவு கோணலாகத் தைத்திருக்கிறேன் என்று அன்றுதான் தெரிந்தது.

அவர் பத்திரிகையைச் சத்தமாகப் படிப்பார். பெட்ரோல் விலை, எண்ணெய் விலை, எந்த நாடு எதை நிறுத்தியது என்று. எல்லாம் கெட்ட செய்தி. இருந்தாலும் கேட்க நன்றாக இருக்கும்.

சாவியா? மழை வந்தால் மாடியில் காயும் துணியை எடுக்க ஒரு ஆள் வேண்டாமா?

அது இருக்கட்டும். டாக்சிக்காரன் எதற்காக நடக்கிறான்? உடம்புக்கு நல்லது என்று நீ எழுதியதை மூன்று தடவை படித்தேன். சின்ன வயதில் தெருமுனைக் கடைக்குப் போகக்கூட என் சைக்கிளைப் பிடுங்கியவன் நீ.

அக்கா

மே 29

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

உங்கள் தம்பியின் மனைவி எழுதுகிறேன். நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதை எழுதுவது அவருக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

டாக்சி ஜனவரியிலிருந்து வீட்டு வாசலில் நிற்கிறது அண்ணி. ஓட்டினால் வருவது பெட்ரோலுக்கே சரியாகப் போனது. இப்போது ஒரு கிடங்கில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலைக்கு நடந்தே போய்வருகிறார். சாயங்காலம் வந்ததும் காரைத் துடைத்து, உள்ளே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வருகிறார். அதைப் பார்க்கத்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

பின்னறை விஷயமும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வந்தால் வாடகையில் கொஞ்சம் சேர்ந்து தாங்கலாம் என்பதும் அவர் மனதில் இருந்தது. "அக்காகிட்ட வாயைத் தொறந்து கேக்க மாட்டேன், வந்தா அவளாப் புரிஞ்சுக்குவா" என்றார். உங்களை வரச்சொல்லி இதை எழுதவில்லை. நீங்கள் கேட்டிருந்தீர்கள், பொய் சொல்ல மனம் வரவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 9

தம்பிக்கு,

நலம். உன் வீட்டுக்காரி எனக்கு எதுவும் எழுதவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நீ சொன்னதை யோசித்தேன். நீ சொல்வதுதான் சரி. தனியாக ஒரு வீடு எனக்கெதற்கு? இந்த மாதக் கடைசியில் கிளம்பி வந்துவிடுகிறேன். வீட்டுச் சொந்தக்காரருக்குச் சொல்லியாயிற்று. கரண்ட் ஆபீசுக்கும் எழுதிப் போட்டாயிற்று. மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டேன். இங்கே விட்டுவிட்டு வருவதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை.

வாசலில் வண்டியை நிறுத்தித் துடைத்துக்கொண்டிருக்காதே. ஒரு ஃபிரிட்ஜில் இரண்டு வீட்டுப் பால் இருக்க முடியுமென்றால், ஒரு காரில் நாலு பேர் போக முடியாதா? தினமும் ஒரே இடத்துக்கு ஒரே நேரத்தில் போகிறவர்களாகப் பார். மாதச் சம்பளம்போல மாதக் கட்டணம். பிள்ளைகளிடம் அத்தை வருகிறாள் என்று சொல்.

அக்கா

ஜூன் 19

அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். உனக்கு எதுவும் எழுதாத என் வீட்டுக்காரி, உன் கடிதத்தின் முதல் வரியைப் படித்ததுமே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். பொய் சொல்ல உனக்கு வராது அக்கா, விட்டுவிடு.

எனக்கு வெட்கமாக இருந்தது. உன்னைத் தாங்குகிறேன் என்று சொல்லிவிட்டு உன் தோளைத் தேடியிருக்கிறேன். அதை நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். மனது லேசாகிறது.

இப்போது நல்ல செய்தி. ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றேன். ஷிஃப்ட் முடிந்து வந்த நர்ஸ்களிடம் உன் ஃபிரிட்ஜ் கணக்கைச் சொன்னேன். பாதி புரியாமலே சிரித்துவிட்டு நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். அதற்குள் இன்னொரு நாலு பேர் மதிய ஷிஃப்டுக்குக் கேட்கிறார்கள். கிடங்கு வேலைக்குக் கும்பிடு போட்டாயிற்று. கார் சத்தம் கேட்டுப் பிள்ளைகள் தெருவுக்கே ஓடி வந்தார்கள். உன் யோசனைதான் அக்கா, நீ நூறு வருஷம் இருக்க வேண்டும்.

இப்போது கவனமாகப் படி. உன் எல்லாக் கடிதத்திலும் கண்ணாடிக்காரர் இருந்தார். பால் வாங்கினார், தட்டு கழுவினார், பத்திரிகை படித்தார். மூட்டை கட்டுகிறேன் என்று எழுதிய கடிதத்தில் மட்டும் அந்த மனிதரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது. விட்டுவிட்டு வர ஒன்றுமில்லை என்கிறாயே, அவரிடம் அப்படித்தான் சொன்னாயா?

நர்ஸ்களில் ஒருத்திக்குத் தங்க இடம் வேண்டியிருந்தது. பின்னறையை அவளுக்கு வாடகைக்கு விட்டுவிட்டேன். ஆகவே இங்கே உனக்கு இடமில்லை. தயவுசெய்து வராதே.

உன்மேல் உயிராக இருக்கும்,
தம்பி

ஜூலை 8

என் தம்பிக்கு,

எல்லோருக்கும் அன்பு. நான் நலம். எவ்வளவு நலம் என்று கடைசியில் சொல்கிறேன்.

உன் கடிதம் வந்தபோது எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. கார் ஓடுகிறது என்று அழுகை. இடமில்லை என்று கோபம். கட்டிய மூட்டையை மட்டும் அவிழ்க்கவில்லை. ஊருக்குப் போகிறேன் என்று இவரிடம் சொன்னபோது, "சரி" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு என் தட்டையும் கழுவி வைத்துவிட்டுப் போனவர்தான். போகாதே என்று சொல்லாத ஆளிடம் போய், நான் போகவில்லை என்று எந்த முகத்தோடு சொல்வது? மாதம் முடிந்தது. மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து சமைத்துக்கொண்டிருந்தேன். எப்போது கிளம்புகிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இரண்டு பேரும் உப்பு குறைவு, உப்பு அதிகம் என்று பேசிக்கொண்டிருந்தோம்.

போன வியாழக்கிழமை நாங்கள் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் கரண்ட் ஆபீஸ் அதிகாரி வந்து நின்றார். இணைப்பைத் துண்டிக்கச் சொல்லி நான் எழுதியதால் கணக்கைப் பார்த்திருக்கிறார். ஆளில்லாத வீடு மாதிரி மீட்டர் நிற்கிறது, ஆனால் ஆள் இருக்கிறது. மீட்டரில் ஏதோ தில்லுமுல்லு என்று அவருக்குச் சந்தேகம். வீடு முழுக்கத் தேடினார். ஃபிரிட்ஜைத் திறந்தார். உள்ளே அடுத்த ஆர்டர் சீருடைகள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றவர், மெதுவாக மூடினார்.

அடுப்பு இங்கே, ஃபிரிட்ஜ் அங்கே, விசிறி அங்கே என்று நான் விளக்கிச் சொன்னேன். அவர் முகம் இன்னும் இறுகியது. யூனிட் கூடினால் கட்டணமும் கூடுகிறதாம். அதற்காக ஒரே குடும்பம் இரண்டு இணைப்பு வைத்துக்கொண்டு ஏமாற்றுவது இப்போது அதிகமாம், அதற்கு அபராதமாம். கடைசியில் பேனாவை எடுத்துக்கொண்டு கேட்டார்.

"நேரா சொல்லுங்க. நீங்க ரெண்டு பேரும் ஒரே குடும்பமா?"

"இல்ல" என்றேன் நான்.

"ஆமா" என்றார் இவர்.

இரண்டும் ஒரே நேரத்தில். அதிகாரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். யாராவது ஒருத்தர் உண்மையைச் சொல்லுங்கள் என்றார். இவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"அவங்க சொன்னது இன்னிக்கு உண்மை சார். நான் சொன்னது, அவங்க சம்மதிச்சா உண்மை."

தம்பி, எனக்கு எவ்வளவு சந்தோஷமோ அவ்வளவு கோபம். "அஞ்சு மாசமா எதிர்ல உக்காந்து சாப்பிட்டீங்க, இதக் கேக்க கரண்ட் ஆபீஸ்லேருந்து ஆள் வரணுமா?" என்றேன்.

"ஊருக்குப் போறேன்னு சொன்னீங்களே."

"போகாதீங்கன்னு சொன்னீங்களா?"

அதிகாரி பேனாவை வைத்துக்கொண்டு நடுவில் நின்றார். கல்யாணம் ஆகாதவர்களுக்கு அபராதம் போட விதியில் இடமில்லை, ஆனால் நான் எதையாவது எழுதியாக வேண்டுமே என்றார். பாவமாக இருந்தது. அவருக்கும் ஒரு தட்டு வைத்தேன்.

"ஒரே குடும்பம்னு எழுதிக்கோங்க சார். என் மீட்டரக் கழட்டிட்டுப் போயிடுங்க."

எனக்குள் இவ்வளவு ஆசை இருந்தது எனக்கே தெரியாது. இந்த வயதில் இப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். அதிகாரி இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, அடுத்த வாரம் ஆள் அனுப்புவதாகச் சொல்லிப் போனார்.

மூட்டைகளை அவிழ்க்கவில்லை. அப்படியே தூக்கி எதிர்வீட்டுக் கூடத்தில் வைத்தாயிற்று. வரும் 24ஆம் தேதி பதிவு அலுவலகத்தில் கையெழுத்து. ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். கடிதம்தான் எழுத வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தது சண்டைக்குப் பயந்து இல்லை. போனில் என் குரலைக் கேட்டால் முதல் நாளே கண்டுபிடித்திருப்பாய்.

உன் சம்மதம் வேண்டும். சீக்கிரம் எழுது.

அக்கா

ஜூலை 15

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மதிய ஷிஃப்ட் நர்ஸ் ஒருத்தியிடம் கொடுத்துக் காரிலேயே சத்தமாகப் படிக்கச் சொன்னேன். "ஆமா" என்ற இடத்தில் நாலு பேரும் கைதட்டினார்கள். "மீட்டரக் கழட்டிட்டுப் போயிடுங்க" என்ற இடத்தில் நான் வண்டியை ஓரம் கட்ட வேண்டியதாயிற்று. கண் மறைத்துவிட்டது. வேலைக்குத் தாமதமாகிறது என்று ஒருவரும் சொல்லவில்லை.

என்னிடம் போய்ச் சம்மதம் கேட்கிறாயே. நீ முடிவெடுத்து நான் தலையாட்டாத விஷயம் நம் வீட்டில் எது?

23ஆம் தேதி காலையில் காரிலேயே கிளம்பி வருகிறோம். அவ்வளவு தூரத்துக்கு எவ்வளவு பெட்ரோல் ஆகும் என்று நீ கணக்குப் போடக் கூடாது. என் வீட்டுக்காரி இப்போதே பிள்ளைகளின் நல்ல உடைகளை எடுத்துக் கொடியில் போட்டுவிட்டாள். பின்னறை நர்ஸும் வருகிறேன் என்று அடம்பிடிக்கிறாள். தன்னால்தான் இந்தக் கல்யாணமே நடக்கிறது என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

கடிதத்தை எப்படி முடிப்பது என்றுதான் இவ்வளவு நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுக்காரரைக் கேட்டதாகச் சொல் என்று எழுதி அடித்தேன். கண்ணாடிக்காரரை என்று எழுதி அதையும் அடித்தேன். என் வீட்டுக்காரி பின்னாலிருந்து எட்டிப் பார்த்துத் தலையில் ஒரு குட்டு வைத்தாள். இத்தனை வருஷத்தில் எனக்கு எழுத வாய்க்காத சொல், அதனால்தான் கை தயங்கியது.

இங்கே அனைவரும் நலம். உன் நலமும் அத்தான் நலமும் அறிய ஆவல்.

தம்பி